கண்ணு பிடி

பிரக்யா ஹைதராபாத் போய்விட்டாள், மெகா சீரியலுக்கு.
ஏழிலிருந்து எட்டரை வரை நாற்காலி காலி.
பூந்தொட்டியை வைத்து நான்கு நாள் ஓட்டினோம்.
தொட்டி, பின்னால் விதான சௌதா படம், ஓரத்தில் வானிலை.

தொம்லூர் ஸ்டுடியோவில் நான் மைக் மாட்டுகிறவன்.
பதினாறு வருடமாக எல்லாருடைய காலரும் தெரியும்.
யாருக்கு நெஞ்சு படபடக்கிறது என்று
முதலில் எனக்குத்தான் கேட்கும்.
சொல்வதில்லை.

அன்று டெஸ்டுக்கு வந்தவள் லவீனா பின்டோ.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் ரேடியோவில் பேசுகிறவள்.
ஏடிஎம் வாசலில் காவல் இருப்பவன், நைட் டூட்டி நர்ஸ்,
ஹொசூர் ரோட்டில் லாரியை ஓரங்கட்டியவன்
எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள்.
பாதி நேரம் அவள் பேசுவதே இல்லை.
‘ம்’ என்பாள்.
அந்த ‘ம்’முக்குள் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

நேரில் குட்டையான பெண். நாற்பத்தெட்டு இருக்கும்.
முன்பல்லில் சந்து. கையில் டிபன் பை.
இந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று கேட்டது
மார்க்கெட்டிங் ரித்திகாவின் புருவம்.

பொய் அழைப்பு ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள்.
அடுத்த அறையிலிருந்து கேன்டீன் மாதேஷ் பேச வேண்டும்,
‘மேடம், என் பொண்ணு என்னோட பேச மாட்டேங்கறா.’
எழுதிக் கொடுத்தது மூன்றே வரி.
லவீனா தலையை இடப்பக்கம் சாய்த்தாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
மூன்று வரி முடிந்தும் மாதேஷ் நிறுத்தவில்லை.
மகள் நிஜமாகவே பேசுவதில்லையாம்,
உகாதியிலிருந்து.

“கண்ணு பிடி மேடம், கண்ணு பிடி”
உள்ளேயிருந்து கத்தினார் டைரக்டர்.
கன்னடத்தில் அதற்குக் கண்ணைத் திற என்று பொருள்.
விடுங்கள் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.
அல்சூரில் பிறந்தும் என் காதில்
முதலில் தமிழ்தான் விழும்: பிடி.
எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்று.
அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கமிட்டி கூடியது. பேட்டரி மாற்றுகிற சாக்கில் நானும் உள்ளே.
பல்லை அடைத்துவிடலாம் என்றார் ஒருவர்.
காலங்காத்தால யாருக்கு வேணும் சோகம் என்றாள் ரித்திகா,
எழுந்ததும் பார்க்க ஃப்ரெஷ்ஷா ஒரு முகம் வேணும்.
நஞ்சப்பா சார் பென்சிலால் காது குடைந்தார்.
டீ வரத் தாமதமானது.
மாதேஷ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் சொல்லியிருக்கலாம்.
எங்கள் வீட்டில் காலையில் டிவியை யாரும் பார்ப்பதில்லை.
அது பாட்டுக்கு ஓடும்.
குக்கர் மூன்றாவது விசில், பையனின் ஒற்றை சாக்ஸ்,
கார்ப்பரேஷன் தண்ணீர் நிற்கப்போகிற நேரம்.
குமுதா அதற்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருப்பாள்.
மணி பார்க்கக்கூடத் திரும்ப மாட்டாள்,
விளம்பரம் மாறுவதை வைத்தே ஏழு இருபது என்பாள்.
ஊர் முழுக்க டிவிகள்
முதுகுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கின்றன.
சொல்லியிருக்கலாம்.
ஓட்டு இல்லாதவன் பேட்டரியை மாற்றினான்.

கடைசியில் அவளைத்தான் எடுத்தார்கள்.
கேட்ட சம்பளம் பிரக்யாவுக்குக் கொடுத்ததில் கால்வாசி.
தவிர, தேங்காய் எண்ணெய் ஸ்பான்சருக்குத் தூக்கம் வராத வியாதி.
ராத்திரியெல்லாம் அவளைக் கேட்கிறவராம்.

திங்கட்கிழமை, ஆறு ஐம்பத்தெட்டு.
மைக் மாட்டும்போது ‘எந்தக் காமிரா?’ என்றாள்.
‘நடுவுல, சிவப்பு விளக்கு.’
படபடப்பு கேட்டது. ஒயரைச் சரிசெய்வது போல
கொஞ்ச நேரம் கூட நின்றேன்.
முதல் அழைப்பு எலஹங்காவிலிருந்து.
பேர் சொல்லவில்லை.
அவள் தலை சாய்ந்தது. கண் மூடியது.
என் ஹெட்போனில் பிடி பிடி என்று ஒரே இரைச்சல்.
பதினோரு வினாடி டிவியில் யாருமே பேசவில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன்.
“காலைல டிவில புதுசா யாருங்க?” என்றாள் குமுதா.
“ஏன், பாக்க எப்படி இருந்தா?”
“நான் எங்க பாத்தேன்,” என்றபடி
சோற்றின் மேல் கரண்டியைச் சாய்த்தாள்,
“ரசத்துல உப்பு இருக்காது.
போட்டுக்கோங்க.”